விழவே விழாத கைனசின்: ஒரு அனிமேஷன் படத்தின் மேல் சில புகார்கள்

அந்த ஜிஃப்பை நீங்களும் பார்த்திருப்பீங்க. நீளமான ஒரு குழாய். அதன் மேல் இரண்டு கால் உள்ள ஏதோ ஒன்று, தன்னைவிடப் பல மடங்கு பெரிய உருண்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு, மூட்டை சுமக்கிறவர் மாதிரி அடி மேல் அடி வைத்துப் போகும். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதுவரை மூன்று தடவை வந்துவிட்டது. கூடவே ஒரு விளக்கமும் வரும்: மயோசின் என்ற புரதம் எண்டார்ஃபின் உருண்டையை மூளைக்குள் இழுத்துப் போகிறதாம், மகிழ்ச்சி என்றால் அதுதானாம்.

மூன்றுமே தப்பு. அது மயோசின் இல்லை, கைனசின். உருண்டை எண்டார்ஃபின் இல்லை, வெசிக்கிள் என்கிற சரக்குப் பை. இடமும் மூளை இல்லை, ரத்தத்தில் ஓடும் ஒரு வெள்ளை அணுவின் உள்ளே.

அந்தக் காட்சி வருகிற படத்தின் பெயர் 'தி இன்னர் லைஃப் ஆஃப் தி செல்'. 2006-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உயிரியல் மாணவர்களுக்காக எக்ஸ்விவோ என்ற அனிமேஷன் நிறுவனம் எடுத்துக் கொடுத்தது. விளக்கக் குரலோடு சுமார் 8 நிமிடம் ஓடும் ஒரு வடிவம் இருக்கிறது. வெறும் இசையோடு 3 நிமிடம் ஓடும் சுருக்கமும் இருக்கிறது. உலகம் முழுக்கப் பரவியது அந்தச் சுருக்கம்தான். நான் இந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன்னு கணக்கே இல்லை. பி.இ. படிச்சு கோட் எழுதிக்கொண்டிருந்தவன் உயிரியல் புத்தகங்களை வாங்க ஆரம்பிச்சதுக்கு இந்தப் படம்தான் காரணம். அதனால் கீழே வருவதை ஒரு ரசிகனின் புகாராகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

புகார் என்னுடையதுகூட இல்லை. அம்மாவுடையது.

அம்மா கேட்ட கேள்வி

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்குப் பேக்லிடாக்சல் ஏற்றினார்கள். வாரம் ஒன்று, மொத்தம் 12. ஏழோ எட்டோ முடிந்திருந்த சமயம், ஒருநாள் காய்கறி வாங்கப் போனவர் ஒரு கால் செருப்போடு திரும்பி வந்தார். இன்னொன்று வழியில் எங்கோ கழன்றிருக்கிறது. வீட்டு வாசலுக்கு வந்து நான் சொல்கிறவரை அவருக்குத் தெரியவில்லை. கேட்டால், "ரெண்டு மூணு வாரமாவே கால் விரல் மரத்த மாதிரிதான்டா இருக்கு, வயசாச்சுல்ல"ன்னார். டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை? "கேன்சருக்கு மருந்து கொடுக்கிறவர்கிட்ட போய் கால் மரத்துப்போச்சுன்னு சொல்றதா?"

மறுநாள் போன் செய்து சொன்னோம். அந்த மருந்துக்கு இது தெரிந்த பக்கவிளைவுதான், முன்னாடியே சொல்லியிருக்கணும் என்றார்கள். டோஸைக் குறைத்தார்கள்.

ஒரு சாயங்காலம் அம்மாவுக்கு இதைப் புரியவைக்கலாம் என்று இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். உங்களுக்குக் கொடுக்கிற மருந்து இந்தக் குழாய் மேலதான்மா போய் ஒட்டிக்குது என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே கேட்டார்: "இது கீழ விழவே விழாதா?"

விழும். நிறையவே விழும். ஆனால் படத்தில் விழாது. என் புகார் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நிஜத்தில் எப்படி நடக்கிறது

முதலில் அந்தக் குழாய். மைக்ரோட்யூபூல், தமிழில் நுண்குழல். வெளிவிட்டம் 25 நானோமீட்டர். ட்யூபுலின் என்ற புரதத் துண்டுகள், ஒவ்வொன்றும் 8 நானோமீட்டர் நீளம், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, அப்படிப்பட்ட 13 வரிசைகள் சேர்ந்து வளைந்தால் ஒரு குழல். செல்லின் உள்சட்டகம் என்று சொல்வதில் இது ஒரு வகை. 7 நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்டின் இழைகள் இன்னொரு வகை. தடிமனில் இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைநிலை இழைகள் மூன்றாவது.

கைனசினை 1985-இல் கண்டுபிடித்தார்கள். ரொனால்டு வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் மூவரும் கணவாய் மீனின் தடித்த நரம்பிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஒரு ஏடிபி மூலக்கூறு செலவானால் ஓர் அடி, அதாவது 8 நானோமீட்டர். சரியாக ஒரு ட்யூபுலின் துண்டின் நீளம். வேகமாகப் போகும்போது விநாடிக்கு 100 அடி. படத்தில் நாம் பார்ப்பது பயங்கரமான ஸ்லோ மோஷன்.

இவ்வளவு வேகமாக நடக்கிற ஒற்றைக் கைனசின், சுமார் 100 அடி நடந்ததும் குழலிலிருந்து கழன்றுவிடும். ஒரு மைக்ரோமீட்டர் தூரம், ஏறத்தாழ ஒரு விநாடி. அவ்வளவுதான் அதன் ஓட்டம். அப்புறம் தண்ணீரில் மிதந்து, மறுபடி எங்காவது ஒட்டினால் உண்டு. அந்த ஓர் அடியும் படத்தில் வருகிற மாதிரி திட்டமிட்டு எடுத்து வைக்கிற அடி இல்லை. சுற்றியிருக்கும் தண்ணீர் மூலக்கூறுகள் நாலாபக்கமும் இடித்துக்கொண்டே இருக்க, தூக்கிய கால் காற்றில் பட்டம் மாதிரி அலைந்து அடுத்த பிடியைத் தேடுகிறது. கிடைத்ததும் பிடித்துக்கொள்கிறது. பின்னால் போகாமல் முன்னால் போக வைப்பதற்குத்தான் ஏடிபியின் ஆற்றல்.

அப்புறம் சரக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? ஒரு பையை ஒரே ஒரு மோட்டார் இழுப்பதில்லை. பல கைனசின்கள் ஒட்டியிருக்கும். எதிர்த்திசையில் போகும் டைனீன் மோட்டார்களும் அதே பையில் ஒட்டியிருக்கும். பை கொஞ்ச தூரம் போகும், நிற்கும், பின்னால் வரும், மறுபடி போகும். நம்ம டவுன் பஸ் ஸ்டாண்டில் வண்டி வெளியே வருவது மாதிரி.

எங்கள் தொழிலில் 'ஹேப்பி பாத்' என்று ஒரு வார்த்தை உண்டு. யூசர் சரியான பட்டனைத்தான் அழுத்துவார், நெட்வொர்க் அறுகாது, சர்வர் எப்போதும் பதில் சொல்லும் என்று வைத்துக்கொண்டு எழுதும் பாதை. கஸ்டமருக்கு டெமோ காட்டும்போது அதைத்தான் காட்டுவோம். 'இன்னர் லைஃப்' படம் செல்லின் ஹேப்பி பாத். எல்லாப் புரதமும் தான் போகவேண்டிய இடம் தெரிந்து நேராக வந்து பொருந்துகிறது. எதுவும் தவறுவதில்லை, எதுவும் இடிப்பதில்லை. செல்லுக்குள் புரதங்கள் தேர்த்திருவிழாக் கூட்டம் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டிருக்க, படத்திலோ அதிகாலை மெரினா மாதிரி காலியாக இருக்கிறது.

நியாயமாகவும் பேசணும். கூட்டத்தை அப்படியே வரைந்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆட்களை விலக்கினால்தான் கதாநாயகன் தெரிவான். எடுத்தவர்களுக்கும் இது தெரியும். பின்னாளில் அதே ஹார்வர்டு குழுவும் எக்ஸ்விவோவும் சேர்ந்து 'புரோட்டீன் பேக்கிங்' என்று இன்னொரு படம் எடுத்தார்கள். அதில் நெரிசலும் நடுக்கமும் நன்றாகவே வருகிறது. கைனசின் தள்ளாடித் தள்ளாடித்தான் போகிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் வருவது எது? பழைய ஜிஃப்தான்.

சாலை அல்ல, பந்தல்

இதைவிடப் பெரிய புகார் நடையைப் பற்றி இல்லை, குழலைப் பற்றி.

நுண்குழல் வளர்வதையும் சரிவதையும் படம் காட்டாமல் இல்லை. துண்டுகள் பறந்து வந்து ஒட்டும் காட்சி இருக்கிறது, ஒரு குழல் அப்படியே உரிந்து சரியும் காட்சியும் இருக்கிறது. அழகான காட்சி. ஆனால் ஏன் சரிகிறது? சரிந்தால் யாருக்கு என்ன? இசை வடிவத்தில் இதற்கு ஒரு குறிப்பும் கிடையாது. பார்க்கிறவர் மனதில் நிற்பது வாணவேடிக்கை. அடுத்து கைனசின் வந்ததும் குழல் வெறும் சாலை ஆகிவிடுகிறது. சாலை என்றால் நம் மனதில் எப்போதும் இருப்பது, அதன் மேல் போகிறவைதான் முக்கியம்.

1984-இல் டிம் மிட்சிசனும் மார்க் கிர்ஷ்னரும் கண்டது வேறு. ஒரே கரைசலில், ஒரே நேரத்தில், பக்கத்து பக்கத்துக் குழல்களில் ஒன்று வளர்ந்துகொண்டிருக்கும், இன்னொன்று திடீரென்று சரிந்துகொண்டிருக்கும். நுனியில் ஜிடிபி ஏந்திய புதுத் துண்டுகள் இருக்கிறவரை குழல் நிற்கும். அந்தத் தொப்பி போனதும் கடகடவென்று உரியும். இதற்கு 'டைனமிக் இன்ஸ்டெபிலிட்டி' என்று பெயர் வைத்தார்கள். பிரியாமல் சும்மா இருக்கும் செல்லிலேயே ஒரு நுண்குழலின் அரை ஆயுள் 10 நிமிடம் போலத்தான். செல் பிரியும் நேரத்தில் ஒரு நிமிடத்துக்கும் கீழே வந்துவிடும்.

இது வீண் செலவு இல்லை. செல் பிரியும்போது குரோமோசோம்கள் எங்கே இருக்கின்றன என்று யாரும் குழலுக்குச் சொல்வதில்லை. குழல்கள் எல்லாப் பக்கமும் நீள்கின்றன. எதிலும் முட்டாதவை சரிகின்றன, மறுபடி வேறு பக்கம் நீள்கின்றன. குரோமோசோமைத் தொட்டவை நிலைக்கின்றன. இருட்டில் கையை நீட்டி நீட்டி சுவிட்சைத் தேடுகிற மாதிரி. கையை மடக்கத் தெரியாவிட்டால் தேடவே முடியாது. சரிவது என்பது அந்த வேலையில் பாதி.

இப்போது மருந்துக்கு வருவோம். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வரும் வின்கிரிஸ்டின், 1960களிலிருந்து ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. அது நுண்குழலைக் கட்டவிடாது. அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் வளரும் யூ மரத்தின் பட்டையில் கிடைத்த பேக்லிடாக்சல் நேர் எதிர். அது குழலைச் சரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது என்று 1979-இல் சூசன் ஹார்விட்ஸ் காட்டினார். ஒன்று கட்டுமானத்தைத் தடுக்கிறது, இன்னொன்று இடிப்பதைத் தடுக்கிறது. இரண்டும் புற்றுச் செல்லைக் கொல்கின்றன. எப்படி?

சாலை என்று நினைத்தால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. சாலையை உடைத்தால் போக்குவரத்து நிற்கும், புரிகிறது. சாலையைப் பலப்படுத்தினால் ஏன் நிற்கணும்? 1990களில் மேரி ஆன் ஜோர்டானும் லெஸ்லி வில்சனும் இதை நுணுக்கமாகப் பார்த்தார்கள். இந்த இரண்டு வகை மருந்துகளும் குறைந்த அளவிலேயே, குழல்களின் மொத்த அளவை அதிகம் மாற்றாமலே, அவை நீள்வதையும் சுருங்குவதையும் அடக்கிவிடுகின்றன. செல் பிரிய முடியாமல் போவதற்கு அதுவே போதும். மருந்து அடிப்பது குழலை இல்லை, குழலின் அசைவை.

அதனால்தான் எனக்கு 'எலும்புக்கூடு' என்ற சொல்லும் உறுத்துகிறது. சைட்டோஸ்கெலிட்டன் என்பதைச் சிலர் சட்டகம் என்று எழுதுகிறார்கள், சிலர் எலும்புக்கூடு என்கிறார்கள். தமிழில் எலும்புக்கூடு என்றால் உயிர் போனபிறகு மிஞ்சுவது. இங்கே இருப்பது உயிர் இருக்கிறவரை மட்டுமே நிற்பது. பந்தல் என்றால் கொஞ்சம் பொருந்தும். காலையில் போட்டு, மாலையில் பிரித்து, அதே கம்புகளை அடுத்த தெருக் கல்யாணத்துக்கு எடுத்துப் போகிற பந்தல். பிரிக்கத் தெரியாத பந்தல்காரர் தொழில் செய்ய முடியாது.

கால் விரல் ஏன்

சரி, புற்றுச் செல் பிரிகிறது, அதைத் தடுத்தால் சாகிறது. நரம்புச் செல் பிரிவதே இல்லையே? அம்மாவின் கால் விரல் என்ன பாவம் செய்தது?

கால் கட்டைவிரலில் செருப்பு படுகிறது என்று சொல்லும் நரம்புச் செல்லின் உடல், இடுப்புக்குக் கிட்டே முதுகுத்தண்டை ஒட்டி இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் இழை, ஒரே செல்லின் இழை, விரல் நுனிவரை போகிறது. சுமார் 1 மீட்டர். அதற்கு வேண்டிய பெரும்பாலான புரதங்கள் தயாராவது இடுப்பில். வேண்டியிருப்பது விரலில்.

கணக்குப் போட்டுப் பாருங்க. நுண்குழல் வழியாக மிக வேகமாகப் போகும் சரக்கு நாளொன்றுக்கு 400 மி.மீ. வரை போகும். விரலுக்குப் போய்ச் சேர இரண்டரை நாள். இது எக்ஸ்பிரஸ். நுண்குழல் கட்டுவதற்கு வேண்டிய ட்யூபுலினே போவது பாசஞ்சர் வண்டியில், நாளுக்கு 1 மி.மீ. அளவுதான். 1 மீட்டருக்கு 1000 நாள், கிட்டத்தட்ட மூன்று வருஷம்.

இந்த ஏற்பாட்டில் குழல்களைக் கெடுக்கும் மருந்தை விட்டால் முதலில் எந்த ஊருக்குச் சரக்கு நிற்கும்? கடைசி ஊருக்கு. அதனால்தான் மரத்துப்போவது கால் விரலில் தொடங்கி சாக்ஸ் போட்ட மாதிரி மேலேறுகிறது. பிறகு கைவிரல், கையுறை போட்ட மாதிரி. மூளையைக் காக்கும் ரத்தத் தடுப்பு முதுகுத்தண்டை ஒட்டிய அந்தச் செல் உடல்களுக்கு இல்லாததால் மருந்து அங்கே சுலபமாக நுழைகிறது. மைட்டோகாண்ட்ரியா பாதிப்பு, நரம்பு நுனிகள் பின்வாங்குவது என்று ஆராய்ச்சியாளர்கள் வேறு காரணங்களையும் சேர்த்தே பார்க்கிறார்கள். ஆனால் கட்டாமல் தடுக்கும் வின்கிரிஸ்டினும் சரியாமல் தடுக்கும் பேக்லிடாக்சலும் ஒரே மாதிரி கால் விரலில் போய் நிற்பது தற்செயல் இல்லை.

மருந்தே இல்லாமலும் இது நடக்கும். படத்தின் கதாநாயகனான கைனசினின் ஒரு வகையை உருவாக்கும் கேஐஎஃப்5ஏ மரபணுவில் பிழை வந்தால், கால்கள் இறுகி நடை தடுமாறும் பரம்பரை நோய் ஒன்று வருகிறது. அங்கேயும் அடி வாங்குவது நீளமான நரம்புகள். படத்தில் சவ்வுக்குக் கீழே வலை மாதிரி விரியும் ஸ்பெக்ட்ரினைக் கவனித்தீர்களா? சிவப்பு அணுவில் அந்த வலையிலோ அதைச் சவ்வோடு கட்டும் புரதங்களிலோ குறை இருந்தால், அணு தட்டையாக இல்லாமல் உருண்டையாகிவிடும். மண்ணீரலின் குறுகலான சந்துகளில் வளைந்து நெளிய முடியாமல் மாட்டி அழியும். ரத்தசோகை. உறுதி குறைந்ததால் மட்டும் வந்த நோய் இல்லை, வளையும் தன்மை போனதால் வந்தது.

படம் மறைத்தது இதைத்தான் என்பது என் குற்றச்சாட்டு. 8 நிமிடமும் ஒரு வெள்ளை அணு அழற்சி உள்ள இடத்தைத் தேடி ரத்தக்குழாய்ச் சுவரில் உருண்டு, ஒட்டி, கடைசியில் சுவருக்குள் நுழைகிறது. அந்த வெள்ளை அணு தன் உள்சட்டகத்தைக் கலைத்துக் கட்டாமல் அந்தச் சந்தில் நுழைய முடியாது. கவுட் வந்து கட்டைவிரல் வீங்கினவருக்குக் கொடுக்கிற கோல்ச்சிசின், ட்யூபுலினில் ஒட்டி இப்படிப்பட்ட வெள்ளை அணுக்களைத்தான் அடக்குகிறது. ட்யூபுலினைக் கண்டுபிடித்ததே 1960களில் கோல்ச்சிசின் செல்லுக்குள் எதில் போய் ஒட்டுகிறது என்று தேடியபோதுதான். அந்தக் கோல்ச்சிசின் நம்ம மாநிலப் பூவான செங்காந்தளில் இருக்கிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று கம்பி கட்டி ஏற்றி, விதைக்காகப் பயிர் செய்கிறார்கள். அதே கிழங்கைத் தின்றால் ஆள் செத்துப்போவதற்கும் காரணம் அதே ஒட்டல்தான். அளவு மட்டும்தான் வித்தியாசம்.

கடைசியாக

படத்தைப் பார்க்க வேண்டாம்னு சொல்லவில்லை. பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள், எனக்குத் திறந்த கதவு அவர்களுக்கும் திறக்கட்டும். ஆனால் அதோடு நிறுத்தாமல் 'புரோட்டீன் பேக்கிங்'கையும் கையோடு போடுங்கள். நுண்குழல் உரிந்து சரியும் இடம் வரும்போது ஒரு நிமிடம் நிறுத்தி, இது சரியாவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் பாதி மருத்துவம் இருக்கிறது.

இன்னொன்று. நான் டாக்டர் இல்லை, ஆனால் இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் யாராவது இந்த வகை கீமோவில் இருந்தால், விரல் மரத்துப்போகுதா, சட்டைப் பொத்தான் போட முடியுதா, செருப்பு காலில் இருப்பது தெரியுதா என்று வாரம் ஒருமுறை நீங்களே கேளுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள். டோஸைக் குறைப்பதா தள்ளிப்போடுவதா என்று டாக்டர்தான் முடிவு செய்யணும். அவருக்குத் தெரிந்தால்தானே முடிவு செய்வார்?

அம்மாவுக்கு சிகிச்சை முடிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கைவிரல் சரியாகிவிட்டது. கால் விரலில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பின்னால் வார் வைத்த செருப்புதான் போடுகிறார். போன வாரம் அதே ஜிஃப்பைக் குழுவில் சித்தி மறுபடி போட்டபோது, நான் டைப் செய்வதற்குள் அம்மாவின் வாய்ஸ் மெசேஜ் வந்துவிட்டது: "இது நிஜத்துல இப்படி நடக்காதுடி, அடிக்கடி விழுமாம். பெரியவன் சொன்னான்."